ஒரே நாளில் போடுவதா, பிரித்துப் போடுவதா, தள்ளிப் போடுவதா?

தடுப்பூசி வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாத பெற்றோரும் தயங்கும் இடம் ஒன்று உண்டு. ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று ஊசியும் ஒரு சொட்டு மருந்துமா? அட்டவணைப்படியே எல்லாவற்றையும் போட்டுவிடுவது, வாரத்துக்கு ஒன்றாகப் பிரிப்பது, ஒரு வயதுவரை தள்ளிவைப்பது என மூன்று வழிகள் பேசப்படுகின்றன. எத்தனை ஊசி என்று எண்ணுவதற்கு முன், எந்த நோய் எந்த வயதில் தாக்குகிறது என்று பார்த்தால் கணக்கு தெளிவாகும்.

தள்ளிவைப்பதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் எடைபோட அதிகம் இல்லை. கக்குவான் இருமலால் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்று மாதம் நிறையாதவர்கள். அந்த வயதில் இருமல்கூட வராமல் மூச்சு மட்டும் நின்றுபோகலாம். ஹிப் (Hib) என்ற பாக்டீரியக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் முதல் ஒன்றரை வயதுக்குள்தான் அதிகம். 15 மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் ஹிப்புக்கு ஒரே ஊசி போதும் என்பதை ஆதாயமாகச் சொல்வோர் உண்டு. உண்மைதான், ஆனால் ஆபத்தான காலத்தைக் குழந்தை பாதுகாப்பின்றிக் கடந்த பிறகு கிடைக்கும் ஆதாயம் அது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான ஊசிக்குக் கெடு இன்னும் குறுகியது: பிறந்த 24 மணி நேரத்துக்குள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தில் தாமதித்தால் வாய்ப்பே போய்விடலாம். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் ‘குடல் செருகல்’ என்ற அரிய சிக்கலைக் கருதி, பல நாடுகளில் முதல் தவணையை 15 வாரத்துக்கு மேல் தொடங்குவதில்லை. சில நாடுகளில் மட்டும் வரம்பு தளர்வு.

‘பொறுத்துப் போட்டால் நல்லது’ என்பது தட்டம்மைக்கு ஓரளவு பொருந்தும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. 9 மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு, 12 மாதத்தில் போட்டால் அது 95 சதவீதத்தை நெருங்கும். நோய் பரவும் இடங்களில் 9 மாதம், பரவல் குறைந்த இடங்களில் 12 மாதம் என்று அட்டவணையே இதைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. 15 மாதத்தையும் தாண்டித் தள்ளினால் இன்னொரு சிக்கல்: ஊசிக்குப் பின் ஏழாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை வரக்கூடிய காய்ச்சலில் வலிப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

பிரித்துப் போடுவதுதான் பலருக்கும் நியாயமாகத் தோன்றும் நடுவழி. ‘இத்தனையும் பிஞ்சு உடம்பு தாங்குமா’ என்ற கவலைக்கு ஒரு தகவல்: கொல்லப்பட்ட கிருமியை முழுதாகக் கொண்ட பழைய முழுச்செல் கக்குவான் ஊசி ஒன்றிலேயே சுமார் 3,000 புரதங்கள் உண்டு, அதையே குழந்தைகளின் உடல் தாங்குகிறது. கிருமியின் சில புரதங்களை மட்டும் கொண்ட செல்லற்ற வகையில் இருப்பவை 2 முதல் 5 மட்டுமே. முழுச்செல் வகை இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதில் காய்ச்சலும் தொடை வீக்கமும் சற்று அதிகம், பாதுகாப்பு நீடிக்கும் காலமும் அதிகம்.

நடைமுறையில் பிரிப்பது எப்படிச் சிக்குகிறது? 6, 10, 14 வார அட்டவணையில் மூன்று ஊசிகளை வாரம் ஒன்றாகப் போட்டால் மூன்று வருகை ஒன்பதாகிறது. இரு வார இடைவெளி விட்டால் முதல் சுற்றின் கடைசி ஊசி பத்தாம் வாரத்தில் விழும், இரண்டாம் சுற்று தொடங்க வேண்டியதும் அன்றுதான். ஒவ்வொரு வருகையும் புதிதாக ஓர் அழுகை, சளி காய்ச்சல் குழந்தைகள் நிறைந்த காத்திருப்பு அறையில் இன்னொரு மணி நேரம்.

பெரிய பொறி உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசிகளில் இருக்கிறது. எம்.எம்.ஆர். ஊசியையும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) சின்னம்மை ஊசியையும் ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி கட்டாயம். பத்து நாள் கழித்துப் போட்டால் இரண்டாவதாகப் போட்டது கணக்கில் சேராது, திரும்பப் போட வேண்டும். ஊசியைக் குறைக்கப் போய் ஒன்று கூடிவிடும். செயலிழந்த கிருமி ஊசிகளுக்கு இந்த விதி இல்லை, எதனுடனும் எந்த இடைவெளியிலும் போடலாம். ஒரே ஊசியின் தொடக்கத் தவணைகளுக்கு இடையே மட்டும் குறைந்தது நான்கு வாரம் வேண்டும்.

அப்படியும் பிரித்தே தீர வேண்டுமென்றால், கக்குவானும் ஹிப்பும் அடங்கிய கூட்டு ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகோக்கல் ஊசி, ரோட்டா சொட்டு ஆகியவற்றை முதல் நாளே முடித்துவிடுங்கள். போலியோ பரவல் இல்லாத இடத்தில் போலியோ ஊசியை ஒரு வாரம் தள்ளுவதால் வரும் இழப்புதான் இருப்பவற்றில் சிறியது. எங்களைக் கேட்டால் அதுவும் தேவையில்லை. தாய்ப்பால் கொடுத்தபடியே போடுவது, அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசிக்கு வைப்பது, ஒரே தொடையில் இரண்டு என்றால் 2.5 செ.மீ. தள்ளிப் போடுவது ஆகியவை இன்னும் பலன் தரும்.

பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். சில ஊசிகளின் எதிர்ப்பாற்றலை அது குறைக்கிறது (ஒரு வகை மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் பி ஊசிக்கு மட்டும் சில நாடுகளில் விதிவிலக்கு). காய்ச்சல் வந்தபின் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. தவறு நடப்பது அளவில்தான்: சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மி.கி., சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்று இருக்கலாம். 5 கிலோ குழந்தைக்குச் சிரப் என்றால் 3 மில்லி சரி. அதே 3 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு.

உண்மையிலேயே தள்ளிப்போடவோ தவிர்க்கவோ வேண்டிய காரணங்கள் சிலவே: கடும் காய்ச்சலோடு கூடிய நோய், முந்தைய தவணையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை, உயிருள்ள ஊசி என்றால் நோய் எதிர்ப்புக் குறைபாடு அல்லது அண்மையில் ஏற்றிய ரத்தம். சாதாரணச் சளி காரணமாகாது. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு, மாதம் கழிக்க வேண்டாம். எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ஹெபடைட்டிஸ் பி பற்றி மட்டும் மருத்துவர் தனியாக முடிவு செய்வார். ஏற்கெனவே தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு அட்டையில் தேதிகள் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.