கோடாக்ஸ் டிடி600: குறைந்த செலவில் மேக்ரோ (பூச்சி போன்ற சின்ன உயிர்களை மிக நெருக்கத்தில்) எடுக்க இந்த ஃப்ளாஷ் போதுமா?

தாராளமாகப் போதும். டிடி600 ஒன்று, அதை ஒயர் இல்லாமல் மின்னவைக்கக் கேமரா மேல் எக்ஸ்2டி ட்ரிகர், ஃப்ளாஷுக்கு நாலும் ட்ரிகருக்கு ரெண்டுமாக டபுள்ஏ ரீசார்ஜபிள் பேட்டரி, அவ்வளவுதான். ட்ரிகரின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஃப்ளாஷுக்குள்ளேயே இருப்பதால் தனியாக வாங்கத் தேவையில்லை.

டிடிஎல், அதாவது ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து வைக்கும் வசதி, கிடையாது. ஆனால் அப்பர்ச்சர் எஃப் 11, ஷட்டர் 1/200 என்று வைத்துவிட்டு, பூச்சிக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாற்றாமல் எடுக்கும்போது மேனுவலில்தான் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்கிறது, அதனால் எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஃப்ளாஷ் பவரை முழு அளவில் 1/128 பங்கு வரை இறக்கலாம். இறக்க இறக்க ஒளி மின்னும் நேரமும் சுருங்குவதால், வேலூர் பக்கத்து அமிர்தி காட்டில் காற்றுக்கு ஆடும் இலைமேல் இருக்கும் குதிக்கும் சிலந்தியின் கண்கள்கூட ட்ரைபாட் இல்லாமலே துல்லியமாக விழுகின்றன. என்ன அழகு அது!

ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் இல்லாமல் மட்டும் எடுக்காதீர்கள், வண்டின் பளபளப்பான முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். வேலூரில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை லென்ஸ் முனைக்கு மேல் வளைத்துக் கட்டினாலே ஒளி மென்மையாகிவிடும், பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது.

அப்புறம், ட்ரிகர் ஒவ்வொரு கேமரா பிராண்டுக்கும் வேறு மாடல். வெயிலில் ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் வேலை செய்யும் வசதி) வேண்டுமென்றால் ட்ரிகர் வழியாகத்தான் வேலை செய்யும், ஃப்ளாஷை நேராகக் கேமராவில் மாட்டினால் வராது.