பிசானத்துக்கு மூங்கில் கிட்டியா, மூலிகை எலிவிரட்டியா?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்னும் நெல்போகத்தின் நடவு முடிந்த கையோடு உரக்கடைகளில் மூலிகை எலிவிரட்டி பாட்டில்கள் வந்து உட்கார்ந்துவிடும். பூண்டும் மிளகாயும் வேப்பெண்ணெயும் சேர்ந்த வாடை. மூடியைத் திறந்தாலே கண் எரியும். எலி ஓடத்தான் செய்யும், பக்கத்து வரப்புக்கு! ஐப்பசி மழை ஒன்று அடித்தால் வாடை போச்சு. மழை இல்லாவிட்டாலும் நாலைந்து நாளில் எலிக்கு அது பழகிவிடும். வாங்குமுன் லேபிளைப் பாருங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான மருந்தென்றால் பதிவு எண், வண்ண முக்கோணம், காலாவதி தேதி, முறிவு மருந்து எல்லாம் அச்சாகியிருக்கும். இயற்கை என்று பெரிதாக எழுதியிருப்பது அதற்கு ஈடாகாது.

காசு போடத் தகுந்தது தஞ்சாவூர் கிட்டி என்னும் வில் எலிப்பொறிதான். வளைத்த மூங்கில் சிம்பு, நாண்கயிறு, நடுவில் இரை. எலி இரையை இழுத்ததும் முடுக்கு நழுவி வில் நிமிரும், கயிறு கழுத்தை இறுக்கும். வாங்கும்போது ஒரு குச்சியை விட்டுத் தட்டிப் பாருங்கள். குச்சியைப் பிடுங்க முடியாதபடி கவ்வ வேண்டும். பச்சை மூங்கிலில் செய்தது சேற்றில் நாலு நாள் கிடந்தால் தொய்ந்துவிடும், எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் நாணைத் தளர்த்திக் காயவைத்தால் அடுத்த போகத்துக்கும் உழைக்கும்.

எண்ணிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏக்கருக்கு 40 வேண்டும். பத்து மட்டும் வைத்துவிட்டுக் கிட்டியைக் குறை சொல்லக் கூடாது. முதல் நாள் சாயங்காலம் எல்லா வளையையும் சேறு வைத்து அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அங்கிருந்து வயலுக்குள் இறங்கும் தடத்தில் பொழுது சாய வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மைனாவும் கொக்கும் மாட்டும். ஊறவைத்த நெல்லோ சுட்ட தேங்காயோ இரையாகப் போதும். கதிர் பொதி கட்டுவதற்குள் இதையெல்லாம் முடிக்கணும். அதன்பின் வயலே விருந்தாகிவிடும், இரையை எலி சீண்டாது.

கூடவே ஆந்தை உட்கார ஏக்கருக்கு 15 முதல் 20 குச்சிகள் நடலாம். நட்டால் புரோமடியோலோன் என்னும் எலி விஷக் கட்டியை மறந்துவிடுங்கள். அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகை ஆந்தைக்கும் விஷம் ஏறும். இன்னொரு எலி விஷமான துத்தநாக பாஸ்பைடை 49 பங்கு இரைக்கு ஒரு பங்கு கலக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வெறும் இரை வைத்துப் பழக்காவிட்டால், தின்று பிழைத்த எலி மறுபடி தொடாது. மனிதர் வாயில் போனால் முறிவு மருந்தும் கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை சில்லறையில் விற்கவே கூடாதது. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டுக்குத் தமிழ்நாட்டில் தடை.

கிட்டிக்கும் ஒரு குறை உண்டு. வாழைத்தோட்டத்தை ஒட்டிய வயலில், ஒருவர் மட்டும் வைத்தால் தோட்டத்து எலி மறுவாரமே வந்து குடியேறும். வரப்பை அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒரு அடிக்குள் செதுக்கி வைத்தால் அந்த எலி வளை தோண்ட இடம் குறையும்.