குழந்தைகளுக்குக் கைவினை கற்றுத் தர கிரிகட் ஜாய் உதவுமா?

தாளையும் அட்டையையும் நாம் தரும் உருவத்தில் வெட்டித் தரும், வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய இயந்திரங்களில் மிகச் சிறிய வகையைச் சேர்ந்த கிரிகட் ஜாயை, குழந்தைகளுக்குக் கைவினை சொல்லிக்கொடுப்பவரின் கண்கொண்டு மதிப்பிட வேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன். டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டவும் வாழ்த்து அட்டை செய்யவும் இது எவ்வளவு பயன்படும் என்று சொல்லும் மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன; எட்டு, பத்து வயதுப் பிள்ளை இதன்முன் உட்கார்ந்தால் எதைக் கற்றுக்கொண்டு எழும் என்பதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்ட வேண்டிய உருவத்தைப் பிள்ளையே வரைந்தால் இந்த இயந்திரம் மிக நல்ல துணை. செயலியில் இருக்கும் ஆயத்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானைத் தட்டுவதோடு வேலை முடிந்தால், அதற்கு ஒரு கத்தரிக்கோலும் வண்ணத்தாளும் எவ்வளவோ மேல்.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாய், இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள சிறிய பெட்டி. இதன் உடலில் பொத்தானே கிடையாது. கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ புளூடூத் வழியாகக் கட்டளை பெறுகிறது. ஒட்டும் தன்மையுள்ள பாயின் மீது தாளைப் பதித்து உள்ளே கொடுத்தால், உருளைகள் பாயை முன்னும் பின்னும் நகர்த்த, சிறு கத்தி இடவலமாக ஓடி வெட்டுகிறது. கத்தியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பேனாவைப் பொருத்தினால் வரையவும் செய்யும். ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பொருந்தும் என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். கற்பிக்கும் இடத்தில் அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. வரைந்து முடித்தபின் நிறுத்தி, கருவியை மாற்றி, பிறகு வெட்டச் சொல்லும்போது எந்த வேலை எதற்கு முன் நடக்க வேண்டும் என்ற வரிசை பிள்ளையின் மனத்தில் தானாகப் பதிகிறது.

பாயின் மீது வைத்து வெட்டும்போது கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 10.8 சென்டிமீட்டர்தான். நம் வீடுகளில் இருக்கும் ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் ஒவ்வொரு பட்டையும் 10.5 சென்டிமீட்டர் அகலமும் 29.7 சென்டிமீட்டர் நீளமும் வரும். 12 அங்குலப் பாயில் அது கச்சிதமாக அமர்ந்துவிடும். இதற்கென்று தனித் தாள் வாங்கத் தேவையில்லை என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். சாதாரண அச்சுத் தாளுக்குப் பிடிப்புக் குறைந்த நீலப் பாயையும், தடித்த அட்டைக்குப் பச்சைப் பாயையும் பயன்படுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் மெல்லிய தாள் உரிக்கும்போதே கிழிந்துவிடும். வெட்டியபின் தாளைப் பிடித்து இழுக்காமல், பாயைக் கவிழ்த்து, தாள் மேசையில் படிந்திருக்க, பாயை மேல்நோக்கி வளைத்து உரிக்கக் கற்றுத் தர வேண்டும். முதல் பாடமே இதுவாக இருக்கட்டும். பிள்ளைகளின் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை வெட்டும்போது வருவதில்லை, உரிக்கும்போதுதான் வருகின்றன.

இனி உருவத்துக்கு வருவோம். பிள்ளை காகிதத்தில் வரைந்ததைக் கைப்பேசியில் படமெடுத்து, டிசைன் ஸ்பேஸ் என்ற கிரிகட் நிறுவனத்தின் செயலியில் ஏற்றி, பின்னணியை நீக்கினால் அது வெட்டுக்கோடாக மாறிவிடும். ஆனால் பென்சிலால் போட்ட மெல்லிய வெளிக்கோடு உதவாது. இயந்திரத்துக்குக் கோடு என்பதும் ஒரு பரப்புதான். அதன் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் தனித்தனியே வெட்டி, நடுவில் நூல் போன்ற ஒரு துண்டை எடுத்துத் தரும். ஆகவே உருவம் முழுவதையும் கறுப்பு மார்க்கரால் நிரப்பச் சொல்ல வேண்டும். யானையைக் கோடாக வரைந்து பழகிய பிள்ளை, அதை ஒரு நிழலாக நினைத்துப் பார்க்கத் தொடங்குவது இங்கேதான். கண்ணுக்கு ஒரு துளை விட வேண்டும், காதுக்கும் உடலுக்கும் இடையே வெள்ளையாக ஒரு கீற்று விட வேண்டும், அந்தக் கீற்று முழுச் சுற்றாக மூடிக்கொண்டால் காது தனியே கழன்று விழுந்துவிடும் என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே அது கண்டுபிடிக்கிறது. இதற்கு நிழற்பாவையைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. தோல்பாவைக்கூத்தின் பாவைகளில் நகைகளும் ஆடைக்கரையும் ஒளி புகும் துளைகளாகவே செதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் படங்களைக் காட்டிவிட்டு, கறுப்பு அட்டையில் தலை, உடல், கை எனத் தனித்தனியாக வரையச் சொல்லி, வெட்டி, நூல் முடிச்சால் இணைத்தால், ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும் இருந்தாலே அன்று மாலை கூத்து நடத்திவிடலாம்.

தமிழ்ப் பெயர்களை வெட்டுவது இன்னும் சுவையான வேலை. கோமதி என்ற பெயரைக் காகிதத்தில் வெட்டினால் இரட்டைச்சுழிக் கொம்பு, ககரம், கால், மகரம், தி என ஐந்து துண்டுகள் தனித்தனியாகக் கையில் வரும். கண்ணன் என்று வெட்டினால் புள்ளிகள் இரண்டும் எங்கே விழுந்தன என்று தரையில் தேட வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே துண்டாக நிற்க வேண்டுமென்றால் எழுத்துகளின் அடியில் ஒரு பட்டை வரைந்து சேர்க்க வேண்டும், புள்ளிக்கு ஒரு சிறு காம்பு கொடுக்க வேண்டும். எழுத்தைத் துளையாக வெட்டி வண்ணம் பூசும் அச்சுத்தகடு செய்யும்போது சிக்கல் தலைகீழாகிறது. ட, ப போன்றவை அப்படியே நிற்கும், ஆனால் ண, ன போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் பகுதி கழன்றுவிடும் என்பதால் அங்கே பாலம் விட வேண்டும். பெயரை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக, அதாவது வெட்டக்கூடிய வெளிக்கோடாக மாற்றி, துண்டுகளை ஒன்றிணைத்து, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்து ஏற்றுவதே நான் பரிந்துரைக்கும் வழி. பெரியவர் ஒருமுறை செய்துகாட்டினால் பத்து வயதுப் பிள்ளை அடுத்த முறை தானே செய்துவிடும்.

மென்பொருள்தான் இந்த இயந்திரத்தின் பலவீனமான பக்கம். டிசைன் ஸ்பேஸில் கணக்குத் தொடங்காமல் எதுவும் செய்ய முடியாது. இணையம் இல்லாமல் பயன்படுத்தும் வசதியும் எல்லாக் கருவிகளிலும் கிடைப்பதில்லை. படத் தொகுப்பில் பெரும்பகுதி சந்தா கட்டுவோருக்கே திறக்கிறது. 2021 மார்ச்சில், சந்தா இல்லாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அந்நிறுவனம் அறிவித்தது. பயனர்கள் கடுமையாக எதிர்த்ததால் சில நாள்களிலேயே அந்த முடிவைக் கைவிட்டது. சொந்தப் படங்களை ஏற்றுவதையே பாடமாகக் கொள்ளும் நம்மைப் போன்றோருக்கு அந்தக் கட்டுப்பாடு வந்திருந்தால் இயந்திரம் பாதிப் பயனை இழந்திருக்கும். வாங்கிய பொருளின் பயன் அதை விற்றவரின் முடிவைச் சார்ந்தே இருக்கிறது என்பதை வாங்குமுன் நினைவில் வைக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கத்தியின் முனை அதன் உறைக்குள் ஒடுங்கியிருப்பதால் வெட்டும்போது பிள்ளைகள் அருகில் அமர்ந்து பார்க்கலாம். உறையின் மேற்புறத்தை அழுத்திக் கத்தியை மாற்றுவது பெரியவர் வேலை. வினைல் என்ற ஒட்டும் பிளாஸ்டிக் தாளை வெட்டினால் வேண்டாத பகுதிகளைக் கொக்கி ஊசியால் உரித்தெடுக்க வேண்டியிருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் முனை மழுங்கிய இடுக்கியைக் கொடுங்கள். சட்டையில் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் வகை, சூட்டின் காரணமாக வளர்ந்த பிள்ளைகளுக்கே பொருந்தும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம். தாளை மடித்துக் கத்தரித்துத் தோரணம் செய்யும் பழக்கம் கைக்கு வந்தபிறகு இயந்திரத்திடம் வரட்டும்.

வாங்குவதற்கு முன் இதே வேலையைச் செய்யும் வேறு இரண்டு இயந்திரங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட் இயந்திரத்துக்குள்ளேயே ஸ்கேனர் இருப்பதால், பிள்ளை வரைந்த தாளை அப்படியே உள்ளே கொடுத்துக் கணினியே இல்லாமல் வெட்டிவிடலாம். கற்பித்தலுக்கு இதுவே மிகவும் ஏற்ற அமைப்பு என்பது என் கருத்து, ஆனால் அளவும் விலையும் ஜாயைவிட மிக அதிகம். இன்னொன்றான சில்லவெட் கேமியோவின் மென்பொருள் இணையம் இல்லாமலே இயங்குகிறது. எஸ்விஜி கோப்பைத் திறக்க மட்டும் கட்டணப் பதிப்பு வேண்டும், இலவசப் பதிப்பில் டிஎக்ஸ்எஃப் என்ற மற்றொரு வகைக் கோட்டுப்படக் கோப்பைத் திறக்கலாம். பள்ளிக்கோ பல பிள்ளைகள் சேர்ந்து செய்யும் வகுப்புக்கோ வாங்குவோர் 12 அங்குல அகலமுள்ள இவ்விரண்டில் ஒன்றை எடுப்பதே சரி. வீட்டில் ஓரிரு பிள்ளைகள், ஒரு கைப்பேசி, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை என்ற அளவில் தொடங்குவோருக்கு ஜாய் போதும். முதல் செலவோடு சந்தாவையும் வினைலையும் சேர்த்து வாங்காமல், ஒரு நீலப் பாய், ஒரு பச்சைப் பாய், ஒரு மாற்றுக் கத்தி, ஒரு தடித்த கறுப்பு மார்க்கர் ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.