50,000 ரூபாய், 60 டப்பா: எங்கள் கல்லூரியின் கற்பித்தல் நிதி எப்படி?

எங்கள் பொறியியல் கல்லூரியில் போன வருடம் ஆசிரியர்களுக்கென்று ஒரு சின்ன நிதி ஆரம்பித்தார்கள். பாடம் நடத்துவதில் புதிதாக ஏதாவது செய்து பார்க்க வேண்டும், அது பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். இப்படி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். கல்லூரியின் பெயர் வேண்டாம், மாதாமாதம் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். நான் விண்ணப்பித்து, வாங்கி, செலவழித்து, கணக்கும் முடித்துவிட்டேன். இந்த வருடம் போடலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.

நான் எடுப்பது முதலாண்டு மின்னியல், மின்னணுவியல் அடிப்படைகள். வகுப்பில் 60 பேர், லேபில் மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சர்க்யூட் கட்டுகிற துளைப் பலகை) ஒயரைச் சொருகுவார், இன்னொருவர் அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங் எழுதுவார். மூன்று வாரம் பார்த்தால் தெரிந்துவிடும், எழுதுகிறவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், அதிலும் பெண்பிள்ளைகள், பெரும்பாலும் நோட்டுப் பக்கம். 2021இல் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் வந்தது, அவர்களுடைய கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எங்கள் லேப் வாசல் வரை வந்துவிட்டார்கள், வோல்ட்டும் கரண்டும் அளக்கிற மல்டிமீட்டரைத்தான் தொடவில்லை.

ஏன் தொட மாட்டேன் என்கிறாய் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "உடைஞ்சா கட்டணும்ல மேடம்" என்றாள். லேப் கதவில் உடைத்தால் காசு கட்ட வேண்டும் என்கிற பிரேக்கேஜ் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே எங்கள் துறைதான். ஆறு வருடமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வருகிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

அதனால் என் திட்டம் எளிமையானது. ஒரு டப்பாவில் மின்னணுச் சாமான் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, உடைத்தால் கேட்காமல் இருப்பது.

விண்ணப்பம் ஆறு பக்கம். நாலு பக்கம் வீண். பாடத்தின் நோக்கம் படிப்பின் நோக்கத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுகிற சிஓ-பிஓ மேப்பிங் அட்டவணையை, தர அங்கீகாரத்துக்கு வைத்திருக்கும் என்பிஏ ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டினேன், எல்லோரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஏழாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தத் திட்டத்தில் யார் விடுபட்டுப் போவார்கள்? நான் 'யாரும் இல்லை' என்று எழுதினேன். குழு அந்த ஒரு வரியை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியது. எரிச்சலாக இருந்தது. ராத்திரி உட்கார்ந்து யோசித்தால், அவர்கள் கேட்டது நியாயம்தான். நான் டப்பாவில் ஆர்டுயினோ போர்டு வைத்திருந்தேன், புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகை. அதற்கு லேப்டாப் வேண்டும், வகுப்பில் பாதிப் பேரிடம் இல்லை. போர்டோடு சேர்த்து டப்பா 960 ரூபாய், என் கணக்கில் இரண்டு பேருக்கு ஒன்றுதான் வந்தது. அதாவது லேபில் நடக்கிற அதே கதையை விடுதி அறைக்கும் வீட்டுக்கும் அனுப்பி வைக்கப் பார்த்தேன்.

ஆர்டுயினோவை எடுத்துவிட்டேன். மல்டிமீட்டர் 180, பிரெட்போர்டு 90, ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டும் கிளிப்பும் 60, ரெசிஸ்டர், எல்இடி, வெளிச்சத்தை உணர்கிற எல்டிஆர், டைமராக வேலை செய்கிற 555 ஐசி, ஜம்பர் ஒயர் எல்லாம் சேர்த்து 150, பிளாஸ்டிக் டப்பா 80. மொத்தம் 560 ரூபாய், ஆளுக்கொன்று, 60 டப்பாவுக்கு 33,600. ஏழாவது கேள்விக்காகவே நான் ஒரு நட்சத்திரம் தருவேன். எந்த நிதியிலும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பெரிய திட்டங்கள் எல்லாம் ஆய்வகத்தை நவீனமாக்கத்தான் பணம் தரும். வருகிற கருவிக்கு உறை போட்டு மூடி, சாவியை ஒருவரிடம் கொடுத்துவிடுவோம்.

நேர்காணலில் ஒருவர், கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற வர்ச்சுவல் லேப்ஸ் இலவசமாக இருக்கிறதே, அது போதாதா என்றார். நல்லதுதான், நானும் வகுப்பில் காட்டுகிறேன். ஆனால் திரையில் எல்இடி கருகினால் வாசம் வராது. இன்னொருவர் பட்ஜெட்டில் ஒரு வரியில் விரலை வைத்தார்: 'உடைவதற்கு 8,400 ரூபாய்.' "உடையும்னு நீங்களே பிளான் பண்றீங்களா மேடம்?" ஆமாம் சார் என்றேன். கால்மணி நேரம் வாதாடி, கடைசியில் அதை 'நுகர்பொருள்', அதாவது பயன்படுத்தித் தீர்கிற சாமான், என்ற தலைப்புக்கு மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். மீதி 8,000 கையேடு அச்சடிக்க.

சாமான் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு சந்தில் நுழைந்து மறுசந்தில் வெளியே வருவதற்குள் பட்டியல் முடிந்துவிட்டது. முடியாதது கொட்டேஷன். மூன்று கடையில் முத்திரையோடு வாங்க வேண்டும். 180 ரூபாய் மல்டிமீட்டருக்கு லெட்டர்பேடு கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். பணம் முன்பணமாக வராது. நாம் செலவழித்து, பில் வைத்து, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். என் கிரெடிட் கார்டில் போட்டேன். இரண்டு தவணையாகத் திரும்பி வர நாலு மாதம் ஆனது. வட்டி என் கணக்கு. எனக்காவது கார்டு இருந்தது. முதலாண்டுக் கணக்கு எடுக்கும் ஒரு தோழி தொகுப்பூதியத்தில் இருக்கிறாள். பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் பாலம் போட காலை எட்டு மணிக்கு நடக்கிற பிரிட்ஜ் வகுப்புக்கு, எட்டே முக்காலுக்கு வந்து சேரும் கல்லூரிப் பேருந்துப் பிள்ளைகள் வரவே முடியாது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அந்தப் பிள்ளைகளுக்காக மதியம் ஒரு வகுப்பு, தமிழில் பதிவு செய்த பாடங்கள் என்று 12,000 ரூபாய்க்கு ஒரு திட்டம் வைத்திருந்தாள். என்னுடையதைவிட நல்ல திட்டம். விதிப்படி நிரந்தர ஆசிரியர்கள்தான் விண்ணப்பிக்கலாம். விதி இல்லாவிட்டாலும் 12,000 ரூபாயை நாலு மாதம் அவள் எங்கிருந்து எடுத்துப் போடுவாள்? யார் விடுபடுவார்கள் என்று எங்களைக் கேட்கிற படிவம், அந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒன்றரை நட்சத்திரம் போனது இதற்குத்தான்.

என் தப்பும் ஒன்று உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ஒன்பது வோல்ட் பேட்டரிகள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. உடைவதற்கு வைத்த பணத்தில் முக்கால்வாசி புதுப் பேட்டரிக்கே போனது. பழைய போன் சார்ஜர் ஒயரை வெட்டி ஐந்து வோல்ட் எடுத்திருக்கலாம், தோன்றவில்லை.

கையேட்டில் எல்லாச் சொல்லையும் இரண்டு விதமாகப் போட்டேன்: ரெசிஸ்டர், மின்தடையாக்கி; கெப்பாசிட்டர், மின்தேக்கி. பிளஸ் டூவில் மின்தேக்கியைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, கெப்பாசிட்டர் என்றால் அதுதான் என்று அப்போதுதான் தெரிகிறது. அந்த வாரம் வகுப்பில் பேசியது வேறு ஆட்கள்.

"உடைஞ்சா கட்டணும்ல" என்றாளே, அவள் இரண்டாம் வாரம் ஒரு காகிதத்தில் எதையோ மடித்துக் கொண்டுவந்தாள். உள்ளே கருகிய சிவப்பு எல்இடி. "செத்துப்போச்சு மேடம். ஒரு செகண்ட் ஆரஞ்சா எரிஞ்சுது, அப்புறம் வாசம் வந்துச்சு." ரெசிஸ்டர் இல்லாமல் நேரே பேட்டரியில் கொடுத்திருக்கிறாள். ஏன் செத்தது என்று கேட்டேன். காகிதத்தைத் திருப்பினாள், பின்னால் கணக்கு இருந்தது. ஒன்பதில் எல்இடிக்கு இரண்டு போனால் ஏழு வோல்ட், 20 மில்லிஆம்பியருக்கு 350 ஓம். "டப்பால 330தான் இருக்கு. அது போதும் மேடம், ரெண்டாவது எல்இடி நல்லா எரியுது." இதே கணக்கை முதல் இன்டர்னல் தேர்வில் சரியாகப் போட்டு இரண்டு மார்க் வாங்கியவள்தான்.

வருடக் கடைசியில் 60 டப்பாவில் 57 திரும்பி வந்தது. 14 மல்டிமீட்டரில் ஃபியூஸ் போயிருந்தது. மில்லிஆம்பியரில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனையிலும் தொட்டிருக்கிறார்கள், யாராவது ஒரு தடவை செய்துதான் ஆக வேண்டும். அப்புறம் ஸ்டோர் அண்ணன் ஸ்டாக் ரெஜிஸ்டரோடு வந்து நின்றார். மல்டிமீட்டர் நுகர்பொருள் இல்லை மேடம், வீட்டுக்குக் கொடுத்ததே தப்பு, ஆடிட்டில் நான்தான் நிற்கணும் என்றார். குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்து, ரிமார்க்ஸ் கட்டத்தில் அந்தப் பதினான்குக்கும் ஒவ்வொன்றாக எழுதினார்: 'உடைந்தது. அனுமதி உண்டு.'