பாலத்தடியில் ஒரு வள்ளம் வேணும்

ஆறு வருடத்துக்குப் பிறகு இந்த ஆடியில் ஊருக்குப் போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தேன். "அங்க அப்படி, இங்க இப்படி" என்று தொடங்கும் வெளிநாட்டுக்காரரை மட்டக்களப்பில் ஒருவருக்கும் பிடிக்காது. புறப்படும் முன்பே அக்கா சொல்லிவிட்டா: "வந்து குறை சொல்லாம வடிவா சாப்பிட்டு இருந்திட்டுப் போ." சொன்னபடியே இருந்தேன். கூனிச் சம்பலும் பிட்டும், வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரைத் தயிரும் வாயை அடைத்துவிட்டன. அடைபட்டுக் கிடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் இருந்து ரயில், யன்னலோர இருக்கை. யானைக் காட்டுக்குள் மாட்டுவண்டி வேகத்தில் போனது. யானையை இடித்துவிட்டு நேரத்துக்கு வந்து என்ன செய்யப் போகிறோம்?

அலுவலகக் கதை கொஞ்சம் நீளம். சுவிஸில் ஒரு பதிவுக்காகப் புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி தேவைப்பட்டது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். காலை எட்டரைக்குப் போனால் வாசலில் இலக்கத் துண்டு தரும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் தலையில் பிளாஸ்டிக் பூச்சாடி. "கடைசியா வந்த ஆரு?" என்று சனம் ஆளையாள் கேட்டு வரிசையைத் தாங்களே ஓட்டுகிறார்கள். அது பிசகாமல் ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கருமபீடத்தில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. சிரித்த முகத்தோடு முதலில் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க அனுப்பினா, பிறகு விண்ணப்பத்தை வேறு மாதிரி நிரப்பி வர, பிறகு இன்னொரு கொப்பிக்கு. மூன்று தரம் வெயிலில் தெருவைக் கடந்தேன்.

எதிரே இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு மட்டை தொங்கியது. எந்தப் பத்திரத்துக்கு என்னென்ன வேண்டும், எத்தனை கொப்பி, எந்த இடத்தில் கையெழுத்து என்று கடைக்காரர் மார்க்கர் பேனையால் தமிழில் எழுதி வைத்திருந்தார். மூன்று கிழமையில் நான் கண்ட ஆகச் சிறந்த நவீனமயமாக்கல் அந்த மட்டைதான். அதை அப்படியே தெருவுக்கு இந்தப் பக்கம், அலுவலக வாசலில் மாட்டினால் போதும். காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்குப் பூச்சாடி வேலை. ஒரு ரூபாயும் செலவில்லாத மட்டை ஊரை நடத்துகிறது. நகரத்தைப் புதுப்பிக்கிற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு இனி அந்த மட்டைதான் ஞாபகம் வரும்.

அக்காவின் மகன் ஒன்பதாம் வகுப்பு. அவனோடு ஒரு பின்னேரம் கோட்டைப் பக்கம் போனேன். இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள், பையும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்தவர்கள், இது யார் கட்டியது என்று என்னிடம் கேட்டார்கள். "ஒல்லாந்தர்" என்றேன், ஊர்க்காரன் என்ற மிடுக்கோடு. "இல்ல மாமா, போர்த்துக்கீசர் 1628ல கட்டினது, ஒல்லாந்தர் 1638ல பிடிச்சது" என்று மருமகன் என் மிடுக்கை அங்கேயே இறக்கி வைத்தான். வாசலில் உள்ள வீ.ஓ.சீ. சின்னத்தையும் அவன்தான் காட்டினான். நம் வ.உ.சி. அல்ல, அவர் கப்பல் விட்டது வேறு கம்பனிக்கு எதிராக. இது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. இந்தத் தீவில் அவர்கள் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த முதல் கோட்டை இதுதான், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்படிக்கை எழுதியதும் அதே 1638இல் இங்கேதான் என்று அன்றிரவு புத்தகத்தைத் திறந்து வேறு காட்டினான்.

எங்களுக்கு அது கோட்டை இல்லை, கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். அப்பா காணி அலுவலுக்காகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நின்ற இடம். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி என்பதை ஐம்பது வயதில்தான் ஒழுங்காகப் பார்க்கிறேன். கச்சேரிக்குத் திராய்மடுவில் புதுக் கட்டடம் வந்த பிறகு, இந்தப் பழைய சுவர்களை என்ன செய்யலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் "சொகுசு ஹோட்டல்" என்றார். எனக்குச் சம்மதமில்லை. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமை ஆனது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைமுறையாக உள்ளே குடியிருந்தவர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே கூத்து இருக்கிறது. அதன் இரு பாணிகளான வடமோடி, தென்மோடி இரண்டும் உயிரோடு இருக்கிற மண். கோட்டை முற்றத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வட்டக்களரி என்ற கூத்து மேடை கட்டி, கூத்துப் பழக்குகிற ஒவ்வொரு ஊர் அண்ணாவியாரையும் முறைவைத்து அழைத்து, கைநிறையச் சம்பளம் கொடுத்து ஆடச் சொல்லலாம். அண்ணாவியாருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புகிற வழக்கம் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அவருக்கும் அரிசி வாங்க வேண்டும்.

கோட்டையும் கூத்தும் ஒருபக்கம். என் மனதைக் குடைந்தது வாவிதான். நகரத்தின் நடுவான புளியந்தீவு பெயரிலேயே தீவு. சுற்றிலும் தண்ணீர், ஆனால் நகரத்துக்குள் எங்கே போவதென்றாலும் ஆட்டோ. வாவி இன்று பார்க்கிற பொருள், படம் எடுக்கிற பொருள். அம்மாவின் காலத்தில் அது தெரு. மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு வள்ளத்தில் போன கதையை அம்மா சொல்லிச் சலித்ததில்லை. சின்னவனாக இருந்தபோது மண்முனைத்துறையில் நானும் பாதையில் ஏறியிருக்கிறேன். வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: எங்களுக்குப் "பாதை" என்றால் ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஒன்றாகத் தண்ணீரில் கொண்டு போகிற மிதவை. 2014இல் அங்கே பாலம் வந்தது. நல்லது, படுவான்கரையில் இருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு காத்து நின்றவர்களைக் கேட்டால் தெரியும். பாலம் வந்ததோடு தண்ணீரில் போகிற பழக்கமே விட்டுப்போனதுதான் எனக்குக் கவலை.

நான் இருக்கிற லூசேர்னும் ஏரியோரத்துச் சின்ன நகரம்தான். அங்கே பதினான்காம் நூற்றாண்டு மரப்பாலம் ஒன்று 1993இல் தீப்பிடித்தது. அடுத்த வருடமே பழையபடி கட்டித் திறந்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, ரயிலுக்கு எடுக்கும் வருடப் பாஸையே காட்டிக் கப்பலிலும் ஏறலாம் என்பது. கப்பல் அங்கே வேடிக்கை இல்லை, போக்குவரத்து. (அக்கா, மன்னித்துக்கொள், ஒரே ஒரு தரம்தான் ஒப்பிட்டேன்.)

மட்டக்களப்பில் தொடங்க ஒரு வழித்தடம் போதும். பேருந்து நிலையத்தடி, கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு. காலையில் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும், பின்னேரம் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கும். பஸ் கட்டணத்துக்குக் கிட்டவாக இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு மட்டும் என்று விலை வைத்தால் இரண்டாம் மாதமே வள்ளம் கரையில் காயும்.

இதைக் கல்லடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இரிக்கி மனே. ஆனா ராவைக்கி நாங்க வல போட்டிரிப்பம். ஒங்கட இஞ்சின் வந்து கிழிச்சா ஆரு காசு தாற?" என்றார். அடுத்து ஆழம். வாவி நீளமே தவிர ஆழமில்லை; மாரியில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் செடி வந்து அடைக்கும், முகத்துவாரம் மண்மேடாகித் தூர்ந்து போகும். அவர் சொன்ன பிறகுதான் என் திட்டத்துக்கு அடித்தளம் வந்தது. அடி தட்டையான வள்ளம், மின்கலத்தில் ஓடுவது, வெயிலுக்குத்தான் குறைவில்லையே. விடிந்து வலை எடுத்த பிறகு தொடங்கிப் பொழுதுபட முதல் நிற்க வேண்டும். ஓட்டுகிற வேலையை மீனவர் சங்கங்களுக்கே கொடுக்க வேண்டும். தண்ணீரின் வழியை அவர்களைவிட எந்தப் பொறியியலாளருக்கும் தெரியாது.

பழைய கல்லடிப் பாலம் 1924இல் கட்டியது, ஆளுநரின் மனைவி மானிங் சீமாட்டியின் பெயரில். ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். அந்தப் பக்கத்து லொறி வரும்வரை பஸ்ஸுக்குள் வேர்த்துக்கொண்டு காத்திருந்த தலைமுறை நான். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழையது நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும். அதில் என் ஆசை சின்னது: நீருக்குள் ஒரு ஒலிவாங்கி, பாலத்தின் கம்பியில் நாலு காதுக்கருவி. பௌர்ணமி இரவில் வாவிக்குள் இருந்து இசை கேட்கும் என்பார்கள். பாடும் மீன் என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம், சந்தியில் சிலை இருக்கிறது. கேட்டவர்கள் எத்தனை பேர்? வெள்ளைக்காரர் ஆட்சியில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் வள்ளத்தில் போய்க் கேட்டுவிட்டு, மீன் அல்ல, ஊரி என்ற ஓட்டு உயிரியாக இருக்கலாம் என்று எழுதினார். நூற்றெழுபது வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் இன்னும் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைக்கிறோம்.

கடைசிக்கு முதல் நாள் பௌர்ணமி. மருமகனைக் கூட்டிக்கொண்டு அதே பெரியவரின் தோணியில் பாலத்தடிக்குப் போனேன். காற்று விடவில்லை. துடுப்பில் காதை வைத்தால் புதுப்பாலத்தில் போகும் பஸ்ஸின் இரைச்சல்தான் கேட்டது. "இந்தக் காத்துக்க ஒண்டும் கேளாது மனே. சித்திரைக்கு வாங்க, கடல் படிஞ்சிரிக்கும்" என்றார் பெரியவர். சித்திரையில் எனக்கு லீவு கிடைக்காது. மருமகன் மட்டும் காதை எடுக்காமல் இன்னும் குனிந்தபடியே இருந்தான்.