பழைய கேஸ் பாய்லரும் அதன் மின்சாரக் கோளாறுகளும்: லண்டன் வீட்டில் பல குளிர்கால அனுபவம்

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கில், ஹாரோ பக்கம். சமையலறைச் சுவரில் இருக்கும், ரேடியேட்டர்களையும் சுடுநீரையும் சூடாக்கும் கேஸ் பாய்லர் 1990களில் பொருத்தியது, வீட்டோடு எங்களுக்கு வந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பைலட் சுடர், மாடி அலமாரிக்குள் சுடுநீர் சேரும் செம்புச் சிலிண்டர். இதைப் பல குளிர்காலம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வீடு சில்லென்று ஆனதும் "பாய்லர் போய்விட்டது" என்று நாம் முடிவு கட்டும்போது பெரும்பாலும் அந்தப் பாய்லர் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு வர வேண்டிய 230 வோல்ட் வழியில் எங்கோ நின்றிருக்கும். ஒரு ஜனவரியில் வந்து பார்த்த ஆள், மூடியைக்கூடக் கழற்றாமல், மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போனது வால்வில் இருந்த சின்ன மோட்டார்.

மின்சாரம் வரும் வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட சுவர் ஸ்விட்ச், அங்கிருந்து டைமர், டைமரிலிருந்து ஹாலில் இருக்கும் தெர்மோஸ்டாட். வீடு குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விடும், அது ரேடியேட்டர்களுக்குச் சூடான தண்ணீரை விடும் மோட்டார் வால்வின் (சிலிண்டர் அலமாரியில் இருக்கிறது) பழுப்பு வயருக்குப் போகும். மோட்டார் சுழன்று வால்வை முழுக்கத் திறந்த பிறகுதான் உள்ளே ஒரு மைக்ரோ ஸ்விட்ச் அழுந்தி, எப்போதும் மின்சாரம் இருக்கும் சாம்பல் வயரை ஆரஞ்சு வயரோடு சேர்க்கும். பாய்லரையும் பம்பையும் ஓட வைப்பது அந்த ஆரஞ்சுதான். சுடுநீருக்கும் இதே வழி, ஹால் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் சிலிண்டரில் கட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் (60 டிகிரியில் வைத்திருக்கிறோம், குறைத்தால் லீஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்த மாதிரி), அப்புறம் இன்னொரு வால்வு.

இதனால் எந்தக் கருவியும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். ரேடியேட்டர் சூடாகவில்லையா, சுடுநீரை மட்டும் போட்டுப் பாருங்கள். பாய்லர் எரிந்து தண்ணீர் சூடானால் ஃப்யூஸ், பம்ப், பாய்லர் மூன்றும் சரி. கோளாறு ஹால் தெர்மோஸ்டாட்டிலோ அந்த ஒரு வால்விலோ டைமரின் அந்த ஒரு பக்கத்திலோதான் இருக்கும். அடுத்து வால்வின் பக்கவாட்டில் இருக்கும் சிறு நெம்புகோலைக் கையால் தள்ளுங்கள். தளர்வாக ஆடினால் மோட்டார் ஏற்கெனவே வால்வைத் திறந்துவிட்டது. ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளினால் வால்வு இன்னும் மூடித்தான் இருக்கிறது. பழுப்பு வயரில் மின்சாரம் இருந்தும் வால்வு மூடியே இருந்தால் மோட்டார் போய்விட்டது. எங்கள் ஜனவரிக் கோளாறு இதுவேதான். மெயினை அணைத்து மின்தடையை ஓமில் பார்த்தபோது எரிந்த மோட்டாரில் எதுவும் காட்டவில்லை, புது மோட்டாரில் இரண்டு கிலோ ஓமுக்கு மேல் காட்டியது. தலைப்பகுதி தனியாகக் கழலும் வகை வால்வாக இருந்ததால் தண்ணீரை வடிக்காமலே மாற்ற முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் வந்தது. டைமரையும் தெர்மோஸ்டாட்டையும் அணைத்த பிறகும் பாய்லர் எரிந்துகொண்டே இருந்தது. பழுப்பில் மின்சாரம் இல்லை, ஆரஞ்சில் இருக்கிறது என்றால் மைக்ரோ ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அழுக்கு சேர்ந்து வால்வு பாதியில் நின்று ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு ஸ்விட்ச்தான்.

அளக்கும் கருவி பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண மல்டிமீட்டரை எங்கேயும் சேராத ஒரு வயரில் வைத்தால் பக்கத்து வயரின் தூண்டலால் 60, 80 வோல்ட் என்று ஏதாவது காட்டும், அதைப் பார்த்துப் பாதி மின்சாரம் வருகிறது என்று நினைத்துத் தேடிக்கொண்டே இருக்கலாம். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து எலக்ட்ரீஷியன் அண்ணன், "தம்பி, உந்தப் பேனா டெஸ்டரை நம்பாதேங்கோ, ரெண்டு முனை டெஸ்டர் ஒண்டு வாங்குங்கோ" என்றார். வாங்கியது மிகப் பெரிய உதவி. முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்பேன், பிறகு மெயினை அணைத்துவிட்டுத் தொடப்போகும் வயரில், பிறகு மறுபடி அந்த முதல் இடத்தில். இந்த மூன்றையும் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. பழைய வீடுகளில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இருக்கும் (வீட்டு வயரிங்கில் பழுப்பும் நீலமும் கட்டாயமானது 2006இல்தான்), தெர்மோஸ்டாட்டிலிருந்து திரும்பி வரும் கறுப்பு வயர் நியூட்ரல் மாதிரி இருக்கும், ஆனால் அதில் 230 வோல்ட் ஓடும். சில வீடுகளில் பாய்லருக்கு ஒரு ஸ்விட்ச், கட்டுப்பாடுகளுக்கு வேறொரு ஸ்விட்ச் என்று இரண்டு இடத்திலிருந்து மின்சாரம் வரும், ஒன்றை அணைத்துவிட்டு அணைத்தாயிற்று என்று இருந்துவிடக்கூடாது. பயம் இருந்தால் ஃப்யூஸ் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பாய்லருக்குள் நான் கை வைப்பதில்லை. 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகள் தகுதி உள்ளவர்தான் கேஸ் வேலை செய்ய வேண்டும் என்கின்றன. 2009 ஏப்ரலிலிருந்து அதற்கான பதிவு கேஸ் சேஃப். வருகிற ஆளிடம் அட்டையைக் கேட்டுப் பாருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பைலட் அடிக்கடி அணைந்த ஒரு வருடம் அப்படி வந்தவர் அருமையாக வேலை செய்தார். சுடரின் சூட்டை மின்சாரமாக்கும் தெர்மோகப்பிள் தருவதே சுமார் 20, 30 மில்லிவோல்ட்தான், அந்தச் சிறு மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. அதே பாதையில் அதிகச் சூட்டுப் பாதுகாப்பு ஸ்விட்சும் தொடராக இணைந்திருக்கிறது. அதன் இணைப்புகளில் லேசாகக் களிம்பு ஏறியிருந்தது, அந்த மில்லிவோல்ட் அங்கேயே கரைந்துபோனது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. இன்னொருவராக இருந்தால் கேஸ் வால்வையே மாற்றியிருப்பார்.

கேஸ் செலவு அதிகம்தான், அதை மறைக்க முடியாது. எரியும் கேஸில் பயனுள்ள சூடாக மாறும் அளவு இந்த மாதிரிப் பழைய பாய்லர்களில் 70 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம், 2005க்குப் பிறகு இங்கே வழக்கமாகிவிட்ட கண்டென்சிங் வகை (வெளியேறும் புகையின் சூட்டையும் பிடித்துக்கொள்வது) 90ஐத் தொடும். வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் மாற்றிவிடுவோம். ஆனால் ஒரு மோட்டாருக்காகவோ ஸ்விட்சுக்காகவோ ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுத்து மாற்றச் சொன்னால், ஆரஞ்சு வயரில் மின்சாரம் வருகிறதா என்று முதலில் கேட்பேன்.

கோடையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் வால்வும் பம்பும் இறுகிப்போகும். அதனால் வெயில் காலத்திலும் அவ்வப்போது ஹீட்டிங்கைச் சில நிமிடம் ஓட விடுகிறேன், ஆகஸ்டில் ரேடியேட்டர் சூடாவதைப் பார்த்து வீட்டில் முணுமுணுத்தாலும்.