சுங்கை சிப்புட் தேவார வகுப்பு: கோப்பை வேண்டாதவர்கள் போகலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தேவார வகுப்புக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் நான் பார்த்த வரை திருமுறை ஓதும் போட்டி நெருங்கினால்தான் ஆர்மோனியத்தில் தூசி தட்டுவார்கள். என் மகள் முன்பு போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரே பதிகத்தை மாதக்கணக்கில் உருப்போட்டாள், மெட்டு துளிகூடப் பிசகாது, யார் எதற்குப் பாடினார் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பாள்.

இப்போது போவது, பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பெரியவர்களும் சேரலாம் என்றதால் நானும் உட்கார்ந்துவிட்டேன். இங்கே ராகம் பிறகுதான். 'கூற்றாயினவாறு' பதிகத்தை எடுத்தபோது, சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடியது இது என்று கதையைச் சொல்லிவிட்டு, "கிளினிக்கில் டாக்டரிடம் சொல்வது போலப் படிங்க" என்றார். முதலில் எல்லோரும் சிரித்தோம். குடலோடு சேர்த்து முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்ற இடம் வந்ததும், அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, "அதான்யா, வெறும் வயித்தோட பெரட்டுல நிக்கும்போது சுருட்டிப் புடிக்குமே" என்றார் (பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பது). ஐயா அதை மறுக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை, சரி என்று அதற்குப் பிறகுதான் பண் கொல்லியைத் தொடங்கினார், இன்றைக்கு நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்களே அதேதான். அன்றைக்கு அந்தப் பாட்டிக்குச் சுருதி எங்கோ போனது, ஆனால் வகுப்பிலேயே அவர் பாடியதுதான் எனக்குப் பாட்டாகக் கேட்டது.

திருவாசகம் நடத்தும் விதம் இன்னும் பிடித்தது. மோகனத்தில் ஓதக் கற்றுக்கொடுப்பது எல்லா இடத்திலும் உண்டு. இவர் அம்மானை, பொற்சுண்ணம், பூவல்லி, பொன்னூசல் என்று பதிகத் தலைப்புகளைக் காட்டி, இதெல்லாம் பெண்கள் காய் விளையாடும்போதும் சுண்ணம் இடிக்கும்போதும் பூப்பறிக்கும்போதும் ஊஞ்சலாடும்போதும் பாடிய பாட்டின் வடிவம்தானே என்கிறார், அப்புறம் வந்திருக்கிற பாட்டிகளிடம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு வாங்குகிறார். கோயிலில் ஒப்பாரியா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் மாணிக்கவாசகர் பாதிப் பாட்டில் அழுதுகொண்டுதானே இருக்கிறார்? இளையராஜா 2005-ல் சிம்பொனியோடு வெளியிட்ட திருவாசகத்தை ஒரு வாரம் போட்டுக் கேட்கவைத்தார், பையன்களுக்கு அது பிடித்துப்போனது, எனக்கு வெறும் குரலில் ஓதுவதுதான் உள்ளே இறங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. சுருதி ஐயாவின் கைப்பேசிச் செயலியில் ஓடுகிறது, யாராவது அழைத்தால் பாதிப் பாட்டில் அறுந்துவிடும், ஒரு பழைய போன் வாங்கி அதற்கென்றே வைத்துவிடலாம். கொடுக்கும் நகலில் எழுத்து எறும்பு சைஸ், கடைசி வரி வேறு வெட்டுப்பட்டிருக்கும், அதனால் சொந்தப் புத்தகம் கொண்டுபோவது நல்லது. நேரத்துக்குத் தொடங்கியதாகச் சரித்திரமே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஒப்பாரிப் பகுதி அலுப்புத் தட்டுகிறது, ஓடிப்போய் மண்டபத் தூணைச் சுற்றுகிறார்கள்.

மாதம் இருபது வெள்ளி (ரிங்கிட்), அறுபது தாண்டியவர்களுக்கு இலவசம். பிள்ளை மாநில அளவில் பரிசு வாங்க வேண்டுமென்றால் டவுனிலேயே வேறு இடம் பாருங்கள், இவர் அதற்குச் சரிப்பட மாட்டார். வருகிறவர்கள் கொசுவத்தி ஒன்று எடுத்து வாருங்கள், பின்பக்கம் செம்பனை (பாமாயில் மரம்), ஆறு மணிக்கு மேல் உட்கார முடியாது.